நீலச் சரி விழாத துடக்கு

கிருஷ்ணராசா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ரசம் வார்த்தோமா, நாலு பேரோடு இருந்து சாப்பிட்டோமா, பஸ் பிடித்து வீட்டுக்குப் போனோமா என்று இருக்கவேண்டிய மனிசன், ஒரு வெள்ளிக்கிழமை கோயில் அன்னதானத்தில் பக்கத்தில் இருந்தவரிடம், "மொன்றியலில எங்கட ஆள் ஒருத்தர் மோசம் போயிட்டார்" என்று சொல்லிப்போட்டார். அவ்வளவுதான். அவர் கையிலிருந்த அப்பளத்தைக் கடித்து முடிப்பதற்குள் சாவுச் செய்தி மேசைகளைத் தாண்டி, செருப்பு வைக்கிற இடத்தைத் தாண்டி, கோயில் அலுவலகத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

கோயிலின் பெயர் நமக்கு வேண்டாம். தெற்கு லண்டனில், நோர்பரிப் பக்கம், முந்தி கார்ப்பெற் கடையாக இருந்த கட்டடத்தில் பிள்ளையார் குடியிருக்கிறார். மழை நாளில் மூலஸ்தானத்துக்குப் பின்பக்கம் இப்பவும் கார்ப்பெற் மணக்கும். கிருஷ்ணராசாவைப் பெரிய பக்தர் என்று சொல்லமுடியாது. மனிசி சுசிலா இருந்தவரைக்கும் கும்பிடுகிற வேலையை அவதான் பார்த்தா. இவர் வெளியே காருக்குள் இருந்து பேப்பர் வாசிப்பார். சுசிலா போனபிறகு காரை வித்துப்போட்டுப் பஸ்ஸில் கோயிலுக்கு வரத் தொடங்கினார். பிள்ளை குட்டி இல்லை. ஜேர்மனியில் ஒரு பேக்கரியில் மா பிசைந்து, பிறகு லண்டனுக்கு வந்து இன்னொரு பேக்கரியில் மா பிசைந்து, இப்போது பென்சனில் இருக்கிறவர். கிழமையில் ஆறு நாள் தானே சமைத்து, தானே சாப்பிட்டு, தானே கோப்பையைக் கழுவி, ரீவியில் செய்தி வாசிக்கிறவரோடு கதைத்துக்கொண்டிருப்பார்.

வெள்ளிக்கிழமைதான் அவருக்கு மனிசரோடு சாப்பாடு. பூசை முடிய, பின் மண்டபத்தில் நீள மேசை போடுவார்கள். மூக்கு வைத்த ரசக் கூசாவைத் தூக்கிக்கொண்டு போவது கிருஷ்ணராசாவின் உத்தியோகம். "ராசா, இஞ்ச கொஞ்சம்!" "ராசாண்ணை, இந்தப் பக்கம் மறந்திட்டியள்!" என்று கூப்பிடுவார்கள். ஒரு கிழமைக்குள் அவருடைய பெயர் இன்னொருவர் வாயில் வருகிற இடம் அது ஒன்றுதான். கடைசியில் சமையல்காரரோடு தானும் குந்தி, பக்கத்தில் இருக்கிறவரின் முழங்கை இடிக்க இடிக்கச் சாப்பிடுவார். அந்த இடிதான் அவருக்கு ருசி. பாவம், அதைத்தான் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டார்.

கோயிலில் ஆசௌச நிர்ணய உபகுழு என்று ஒன்று இருக்கிறது. சனம் துடக்குக் கொமிற்றி என்று சொல்லும். பங்காளி வழியில் ஒரு சாவு விழுந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. கோயில் வாசல் மிதிக்கக்கூடாது. அந்த நாட்களில் சொந்தக்காரர் வந்து கூட இருக்கவேண்டும், அயலவர் சமைத்துக் கொண்டுவந்து கொடுக்கவேண்டும், துக்கப்பட்டவரைத் தனியே விடக்கூடாது என்றெல்லாம்கூட அந்த வழக்கத்தில் உண்டு. லண்டனுக்கு வந்து சேர்ந்தது வாசல் மிதிக்கக்கூடாது என்ற பகுதி மட்டும்தான். மிச்சம் வழியில் எங்கேயோ தவறிவிட்டது.

உபகுழுவுக்கும் கோயிலுக்கும் தலைவர் ஒருவரேதான்: மோர்டன் சதாசிவம். சாராயமும் சிகரெட்டும் விற்கிற ஓஃப் லைசென்ஸ் கடை இரண்டுக்குச் சொந்தக்காரர். செயலாளர் ரங்கராஜன், சிங்கப்பூரிலிருந்து படிக்க வந்து, வங்கி உத்தியோகத்தோடு இங்கேயே தங்கிவிட்டவர். துடக்கு விதி சொல்கிற ஆதி நூல் சமஸ்கிருதத்தில் இருக்கிறது, அது ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ரங்கராஜனின் ஐபாட்டில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு இருந்தது. தேடுகிற வசதியும் இருந்தது.

"'எங்கட ஆள்' எண்டு சொன்னீரோ, இல்லையோ?" என்று சதாசிவம் தொடங்கினார்.

"சொன்னனான் அண்ணை."

"எங்கட ஆள் எண்டால்?"

கிருஷ்ணராசா யோசித்தார். "எங்கட ஆள் எண்டால்... எங்கட ஆள்தான்."

"பங்காளியோ, மச்சான் முறையோ, சும்மா ஊரவரோ?"

"தெரியாதண்ணை. வட்ஸ்அப்பில 'எங்கட ஆக்கள்' எண்டு ஒரு குறூப் இருக்கு. ஆரோ என்னையும் அதில சேர்த்துவிட்டவை. விடிய ஒரு பூப்படம் வரும், இடைக்கிடை ஒரு சாவு வரும். நான் செத்த ஆளைக் கண்டதே இல்லை."

"காணத் தேவையில்லை. ரத்தம் கண்டிருக்கும்" என்றார் சதாசிவம்.

ரங்கராஜன் ஐபாட்டை விரலால் தள்ளினார். "ஆமா சார். ஏழு தலைமுறை வரைக்கும்னு டெக்ஸ்ட்ல தெளிவா இருக்கு."

"எத்தினை நாள் எண்டு கிடக்கு தம்பி?" என்று கிருஷ்ணராசா ஒரு நப்பாசையில் கேட்டார்.

"பத்து நாள்னு இருக்கு, அது பிராமணர்களுக்கு. அப்புறம் பன்னிரண்டு, அப்புறம் பதினஞ்சு. முப்பதுன்னு வர்றது நாலாவதா இருக்கிறவங்களுக்கு, அதாவது சார், நம்ம..."

"உந்தப் பக்கத்தை மூடும்" என்றார் தலைவர். அவருடைய காது சிவந்திருந்தது. பிறகு, தேர்த் திருவிழாவில் மைக் பிடிக்கிற குரலை எடுத்தார். "ஆருக்குத் துடக்கு எண்டதை நூலில பார்க்கிறது. எத்தினை நாள் எண்டதை ஊர் வழக்கத்தில பார்க்கிறது. ரெண்டிலயும் எது இறுக்கமோ, அதை எடுக்கிறதுதான் சமயம். முப்பத்தொரு நாளைக்கு இஞ்சால் பக்கம் வராதேயும் கிருஷ்ணராசா. உம்மட நன்மைக்குத்தான் சொல்லுறன்."

கிருஷ்ணராசா வெளியே வந்தார். குருக்கள் வாசலில் நின்றார். பெரிய படிப்புப் படித்தவர். ஒரு சொல் சொல்லமாட்டாரா என்று இவர் முகத்தைப் பார்த்தார். "என்ர விசா அவையின்ர கையில கிடக்கு, ராசா" என்று குருக்கள் மெல்லமாகச் சொல்லிப்போட்டு உள்ளே போனார்.

முதல் வெள்ளிக்கிழமை வீட்டில் ரசம் வைத்துப் பார்த்தார். அளவாக வைக்கத் தெரியவில்லை. ஒரு பானை ரசம் மிஞ்சியது. அதை மூன்று நாள் குடித்தார். நாலாம் நாள் ஒரு ஞானம் வந்தது: செத்தவர் பங்காளி இல்லை என்று நிரூபித்துவிட்டால் துடக்கு இல்லையே! 'எங்கட ஆக்கள்' குறூப்பில் கேட்டார். முறை தெரியவேண்டுமென்றால் ரொறன்ரோ புவனேசனிடம்தான் கேட்கவேண்டும் என்று இலக்கம் கொடுத்தார்கள்.

"நீ ஆற்றை மோன்?" என்றது ஒரு கரகரத்த குரல்.

"கதிரவேலுவின்ர."

"அட கோதாரி! கதிரவேலுச் சித்தப்பாவின்ர ராசாவோ? என்ர பேரனும் உன்ர பேரனும் கூடப்பிறந்த அண்ணன் தம்பியடா. இவ்வளவு காலமும் எங்க கிடந்தனி?"

"லண்டனில, அண்ணை. மொன்றியலில செத்தவர் எனக்கு என்ன முறை?"

"உனக்கும் சித்தப்பா முறை, எனக்கும் சித்தப்பா முறை. அசல் பங்காளி."

"அப்ப துடக்கோ?"

"துடக்கு எண்டால் துடக்கு, அந்தமாதிரித் துடக்கு!" புவனேசன் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் ஓய்ந்தது. "நான் பொய் சொல்லமாட்டன் ராசா. விடு. சாப்பிட்டியோ?"

அந்தக் கேள்வி வரும் என்று கிருஷ்ணராசா எதிர்பார்க்கவில்லை. சுசிலா போனபிறகு ஒருவரும் அதைக் கேட்டதில்லை. சாப்பிடாமலே, "ஓம் அண்ணை" என்றார்.

அன்றிலிருந்து கதை தொடங்கிவிட்டது. புவனேசனுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. கிழமையில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ஒரு மெசினோடு அரைநாள் படுத்திருக்கவேண்டும். ஒரு கையில் ஊசி ஏறியிருக்கும். மற்றக் கையால் தமிழில் தட்டி எழுதுவது பெரிய சீவன் போகிற வேலை. ஆகவே குரலிலேயே பேசி அனுப்புவார். நர்ஸ் என்ன சொன்னாள், பக்கத்துக் கட்டிலில் இருக்கிற சீனாக்காரன் என்ன சாப்பிடுகிறான், மகள் துசியந்தி தன்னை உப்புத் தின்னவிடாமல் செய்கிற அட்டகாசம், எல்லாம் வரும். ஒவ்வொன்றும் "சாப்பிட்டியோ?" என்றுதான் முடியும். கிருஷ்ணராசா பதில் சொல்லவேண்டும் என்பதற்காகவே நேரத்துக்குச் சாப்பிடப் பழகிக்கொண்டார்.

முதல் துடக்குக் கழிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. வெள்ளை வேட்டியைத் தோய்த்து மடித்து வைத்திருந்தார். பார்த்தால், பாரிசில் ஒரு பெரியப்பா முறையானவர் போய்விட்டார். அதுவும் அசல் பங்காளி.

துடக்குக்காரர் கோயிலுக்குள் வரக்கூடாது. ஆனால் விசாரணைக்கு வராமலும் விடக்கூடாது. ஆகவே கொமிற்றி அலுவலக ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே இருந்தது. கிருஷ்ணராசாவைக் கார் பார்க்கில் நிறுத்தியது. மழை தூறிக்கொண்டிருந்தது.

"சார், ஒரு துடக்குக்குள்ள இன்னொரு துடக்கு வந்தா, முதலாவதோட ரெண்டும் முடிஞ்சுடும்னு டெக்ஸ்ட்ல இருக்கே" என்றார் ரங்கராஜன். அவர் கெட்ட மனிசன் இல்லை; ஐபாட்டில் இருப்பதை வாசித்துவிடுகிற பழக்கம்தான்.

"அது பத்து நாள் துடக்குக்கு எழுதின சலுகை. எங்கடது முப்பத்தொண்டு. முப்பத்தொண்டைப் பற்றி நூலில ஒண்டும் இல்லை. நூலில இல்லாததுக்கு நூலில இருக்கிற சலுகையைக் குடுக்க ஏலுமோ?" என்றார் சதாசிவம்.

புவனேசன் கதையைக் கேட்டுவிட்டு, மெசினில் படுத்தபடி ஒரு யோசனை அனுப்பியிருந்தார். அதைக் கிருஷ்ணராசா மழைக்குள் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்புவிக்கிறமாதிரி ஒப்புவித்தார்: "கடல் கடந்தவன் கோயில் காரியத்துக்கு ஆகாதெண்டும் நூலில கிடக்காம் அண்ணை. அப்ப நாங்கள் எல்லாரும்...?"

ரங்கராஜன் தேடினார். கிடந்தது. பிறகு சதாசிவம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.

"நூலைச் சொல்லுக்குச் சொல் வாசிக்கவேணும். கப்பலில கடல் கடக்கிறவனைத்தான் சொல்லியிருக்கு. நான் வந்தது பிளேனில. ரங்கராஜன் பிளேனில. குருக்களும் பிளேனில. நாங்கள் ஒருத்தரும் கடல் கடக்கேல்லை, ஆகாயம் கடந்தனாங்கள். ஆகாயத்துக்கு நூலில தடை இல்லை. நீர் என்னெண்டு வந்தனீர்?"

"காரில அண்ணை."

"ஜேர்மனியில இருந்து காரிலயோ?"

"ஓம். பிரான்சில, கலேத் துறைமுகத்தில காரைக் கப்பலில ஏத்தித்தான்..."

சொல்லி முடிக்கும்போதே கிருஷ்ணராசாவுக்கு விளங்கிவிட்டது. அந்தக் கோயிலில் உள்ள அத்தனை சனத்துக்குள்ளும் அசலாகக் கடல் கடந்தவர் அவர் ஒருவர்தான்.

தீர்ப்பு அன்றைக்கே எழுதப்பட்டது. துடக்குக் கழிந்ததும் பஞ்சகவ்வியம் குடிக்கவேண்டும். குடித்தாலும், சமைத்த சாப்பாட்டைத் தொட்டுப் பரிமாறக்கூடாது. ரசக் கூசா வேறொருவர் கைக்குப் போனது.

"மது விக்கிறவனைப் பற்றியும் என்னவோ இருக்காம் அண்ணை" என்று கிருஷ்ணராசா வாய்க்குள் முணுமுணுத்தார். அது புவனேசன் கடைசியாகச் சொல்லச் சொன்னது. இவ்வளவு நேரமும் சொல்லப் பயந்துகொண்டு நின்றார்.

சதாசிவத்துக்குக் கோபம் வரவில்லை. அவர் இந்தக் கேள்விக்கு என்றைக்கோ ஆயத்தமாகிவிட்டவர். "வெல்லத்தில வடிச்சது, மாவில வடிச்சது, பூவில வடிச்சது. இந்த மூண்டும்தான் நூலில மது. வொட்கா உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கு நூலிலயே இல்லை."

"வைன்?"

"வைன் பழம். பழம் பிள்ளையாருக்கே படைக்கிறம். வீட்ட போம் கிருஷ்ணராசா, நனையிறீர்."

இரண்டாம் துடக்கும் ஒருவழியாகக் கழிந்தது. பஞ்சகவ்வியம் பிளாஸ்டிக் போத்தலில் வந்தது. குடிக்கலாமா, பூக்கன்றுக்கு ஊற்றுவதா என்று லேபலில் தெளிவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அந்த வெள்ளிக்கிழமை மேசையில் போய்க் குந்தியபோது, குமட்டலையும் மீறி ஒரு சந்தோசம் வந்தது உண்மைதான். ஆனால் ரசம் வேறு ஒருவர் வார்த்தார். "ராசா" என்று ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிட அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் இவரைக் கப்பல்காரன் என்று நினைத்தாரோ என்னவோ, முழங்கையை ஒடுக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

தேர்த் திருவிழா நெருங்கியது. தலையில் பரிவட்டம் கட்டி, முதல் ஆளாக வடம் பிடிக்கிறவர் தலைவர். அப்போது பார்த்துச் சிட்னியில் சதாசிவத்தின் சொந்தச் சித்தப்பா, தகப்பனின் கூடப்பிறந்த தம்பி, காலமாகிவிட்டார். முகநூலில் படம் வந்துவிட்டது. கோயிலில் எல்லோருக்கும் தெரியும். கிருஷ்ணராசா உண்மையாகவே மனிசனுக்காக வருத்தப்பட்டார். வெள்ளிக்கிழமை கிட்டப் போய், "அண்ணை, கேள்விப்பட்டன், உங்கட..." என்று வாயெடுத்தார்.

சதாசிவம் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

ரங்கராஜன் ஓடிவந்து கிருஷ்ணராசாவை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "அண்ணே, தூர தேசத்துச் சாவுன்னா செய்தி கிடைச்ச நேரத்திலிருந்துதான் துடக்கு ஆரம்பம்னு டெக்ஸ்ட்ல இருக்கு. சாருக்கு இன்னும் செய்தி கிடைக்கல."

"கிடைக்கேல்லையோ? அவற்றை போனிலதானே வந்தது?"

"வந்திருக்கு. திறக்கல. ப்ளூ டிக், அதான் அந்த நீலச் சரி, விழல. அனுப்பினவங்களுக்குச் சாம்பல் நிறத்திலதான் காட்டுது. அப்போ, சட்டப்படி, சித்தப்பா நல்லா இருக்கார்."

அப்படியாக அந்தச் சித்தப்பா தேர் முடியும்வரைக்கும் உயிரோடு இருப்பதென்று தீர்மானமாயிற்று. தலைவர் ஊதுபத்திப் புகைக்குள் நடமாடினார். யாராவது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிட்ட வந்தால் காதைப் பொத்துவார். இதைக் கிருஷ்ணராசா புவனேசனுக்கும் சொல்லி அனுப்பினார். ஒருக்கால் மடப்பள்ளிப் பின்பக்கம் அவர் தனியே நின்று போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கிருஷ்ணராசா கண்டார். திறக்காமல் திரும்பவும் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார்.

கிருஷ்ணராசாவின் மண்டைக்குள் அப்போதுதான் அந்தக் கெட்ட புத்தி வந்தது. நல்ல புத்தி என்றுதான் அன்றைக்கு நினைத்தார். 'எங்கட ஆக்கள்' குறூப்பில் கிழடுகளுக்குக் குறைவில்லை. தேருக்குள் இன்னொன்று விழுந்தால் போச்சு. தேர்ச் சாப்பாடு வருசத்துக்கு ஒருமுறை. நூறு, இருநூறு சனம் சேர்ந்து இருந்து சாப்பிடுகிற சாப்பாடு. அதைத் தனியறையில் இருந்து தவறவிட அவருக்கு மனம் வரவில்லை. வட்ஸ்அப்பைத் திறக்காமல் விட்டார். டிங் என்று ஒலிக்கிற சத்தத்தையும் நிறுத்திவைத்தார். புவனேசனுக்கு ஒரு சொல் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம். 'அண்ணை, நீங்கள் செத்துப்போவியளோ எண்ட பயத்தில கொஞ்ச நாளைக்குக் கதைக்கமாட்டன்' என்று எப்படிச் சொல்வது? பச்சை வட்டத்துக்குள் கேட்காத செய்திகளின் இலக்கம் நாளுக்கு நாள் ஏறியது. அவர் பார்க்காத மாதிரி இருந்தார். வீடு முன்னரை விடப் பெரிதாகத் தெரிந்தது. சாப்பாடும் நேரம் தப்பியது.

தேரன்று காலை வெள்ளை வேட்டி கட்டி, சால்வை போட்டு, 109 பஸ்ஸில் மேல்மாடியில் இருந்தார். போன் அடித்தது. வட்ஸ்அப் இல்லை, சாதாரண அழைப்பு. சாதாரண அழைப்புக்கு அவர் தடை போடவில்லை.

"ராசாச் சித்தப்பாவோ? நான் துசியந்தி. புவனேசனின்ர மகள்."

"சொல்லு பிள்ளை."

"அப்பா விடியப் போயிட்டார், சித்தப்பா."

பஸ் ஒரு தரிப்பில் நின்று ஆட்களை ஏற்றியது.

"கடைசிக் கிழமை முழுக்க உங்களைத்தான் தேடினவர். ராசா ஏன் கேக்கிறான் இல்லை, அவனுக்குச் சுகமில்லையோ எண்டு என்னைப் போட்டு அரியண்டம். நான் எடுக்கிறன் எடுக்கிறன் எண்டு வேலையில விட்டிட்டன், சித்தப்பா." அவள் அழுதாள். "இஞ்ச வந்து நிக்கிற ஆக்களுக்கு அப்பாவைத் தெரியும். ஆனா அவரோட கதைச்சது நீங்கள்தான்."

கிருஷ்ணராசா என்ன பதில் சொன்னார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. கால்கள் பழக்கத்தில் இறங்கி, பழக்கத்தில் நடந்து, கோயில் வாசலுக்குக் கொண்டுபோய் விட்டன. செத்தவரைப் பற்றி யாருக்காவது சொல்லவேண்டும்போல இருந்தது. லண்டனில் அவருக்குத் தெரிந்த மனிசர் எல்லோரும் அந்தக் கட்டடத்துக்குள்தான் இருந்தார்கள்.

வாசலில் பரிவட்டத்தோடு சதாசிவம் நின்றார். தேர் கார் பார்க்கை ஒருமுறை சுற்றி வந்துவிட்டது. ரோட்டில் விடக் கவுன்சில் அனுமதி கொடுக்கவில்லை. உள்ளே சாப்பாடு தொடங்கியிருந்தது. சனத்தின் இரைச்சல் கேட்டது. கிருஷ்ணராசாவின் முகத்தைக் கண்டதும் தலைவருக்கு விளங்கிவிட்டது. இந்த விசயத்தில் அவருக்கு நல்ல அனுபவம்.

"சொல்லாதேயும்!" கையை உயர்த்தினார். "ஆர் எண்டு சொல்லாதேயும். என்ர காதில விழாட்டில் கொமிற்றிக்குத் தெரியாது."

"அண்ணை..."

"கேளும். இண்டைக்குப் பரிமாற ஆள் காணாது. ரசம் வாக்கிறவனும் வரேல்லை. கப்பல் விசயத்தை நான் பாக்கிறன். கப்பலுக்குள்ள காரிலதானே இருந்தனீர், கடல் உம்மில படேல்லை. கூசா உள்ளுக்குக் கிடக்கு. செத்தது எங்கட ஆள் இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு உள்ளுக்கு வாரும். ஒரேயொரு சொல்."

உள்ளே இருந்து யாரோ கத்தினார்கள்: "இஞ்ச ரசம் இல்லையோ? எங்க ராசாண்ணை?"

கிருஷ்ணராசா அந்தக் குரல் வந்த பக்கம் பார்த்தார். நீள மேசைகள், முழங்கைகள், நடுவில் ஒரு ஆள் குந்துகிற அளவு இடைவெளி. மனிசனுக்கு ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். காலை ஒருமுறை எடுத்தும் வைத்தார். பிறகு திரும்பி நின்றார்.

"எங்கட ஆள்தான் அண்ணை" என்றார். "புவனண்ணை. ரொறன்ரோவில. எங்கட ஆள்தான்."

சதாசிவம் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். பரிவட்டம் சரிந்து கண்ணுக்கு வந்தது. அதைத் தூக்கிக் கட்டக் கை இல்லாமல் அப்படியே நின்றார். கிருஷ்ணராசா பொத்திய காதுகளிடம், புவனண்ணை நல்ல மனிசன், முறை விசயத்தில பொய் சொல்லமாட்டார், உப்பு எண்டால் உயிர் என்று இன்னும் இரண்டு மூன்று வசனம் சொன்னார். சொல்ல வேறு ஆள் இல்லை. பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பஸ் தரிப்புக்கு நடந்தார்.

வீட்டுக்கு வந்து, வேட்டியைக்கூட மாற்றாமல் குசினி மேசையில் இருந்து, வட்ஸ்அப்பைத் திறந்தார். புவனேசனின் குரல்கள் வரிசையாக இருந்தன. ஒன்று ஒன்றாக அமத்திக் கேட்டார்.

"ராசா, எங்கயடா போனனி? சீனாக்காரனுக்கு இண்டைக்கு மகன் வந்தவன். எனக்குத் தாறதுக்கும் ஒரு தோடம்பழம் கொண்டந்தவன். சாப்பிட்டியோ?"

"நீலச் சரி விழுகுதில்லை. கோவமோ? நான் சொல்லித்தந்த கேள்வியால கோயிலில பிரச்சினையோ? சாப்பிட்டியோ?"

"விளங்கீட்டுது! தேர் வருதெல்லோ? உன்ர தலைவரைப்போல நீயும் காதைப் பொத்தீட்டாய். கெட்டிக்காரன். வடிவாப் போட்டு வா. நான் ஓடமாட்டன், பேந்து கதைப்பம்."

கடைசியில் இருந்தது சின்னது. மெசின் இடைவிட்டு ஒலித்தது. மூச்சு இழுக்கிற சத்தம். நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு, பக்கத்தில் இருக்கிறவரிடம் கேட்கிறமாதிரி, "சாப்பிட்டியோ?"

எல்லாம் நீலமாகியிருந்தது. கிருஷ்ணராசா போனை வாயருகில் பிடித்து, மைக்கை அமத்தினார்.

"இல்லையண்ணை. இனித்தான்" என்றார். அனுப்பினார்.

இரண்டு சரி விழுந்தது, சாம்பல் நிறத்தில். அரிசியைக் கழுவி அடுப்பில் வைத்தார். சோறு கொதித்து முடியும்வரைக்கும், அது நீலமாகிறதா என்று போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.